எபோலா பரவியபோது விமானங்களை ஏன் நிறுத்தவில்லை?

செந்தாழை:
பொது சுகாதாரம் படிக்கிறேன். 2014 எபோலா பரவலில் விமானப் பயணத்தை அதிகாரிகள் கையாண்ட விதம் பற்றி வகுப்பில் பேச வேண்டும். கினி, லைபீரியா, சியரா லியோன் மூன்றிலும் நோய் பரவிக்கொண்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஆகஸ்ட் 8 அன்று சர்வதேச அவசரநிலையை அறிவிக்கிறது, ஆனால் பொதுவான பயணத் தடை வேண்டாம் என்கிறது. செப்டம்பரில் லைபீரியாவிலிருந்து டல்லஸ் போனவருக்கு எபோலா. முன்பே விமானங்களை நிறுத்தியிருக்கலாமே? விமான நிலையத்தில் காய்ச்சல் பார்த்து என்ன கிடைத்தது? அப்போது அந்தப் பக்கம் இருந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

லேகோஸ் பாண்டியன்:
நான் அப்போது நைஜீரியாவின் லேகோஸில் இருந்தேன். இகேஜாவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு பார்த்தேன், முர்தலா முகமது விமான நிலையம் பக்கம்தான். மருத்துவம் படித்தவன் அல்ல. ஆனால் அந்த மூன்று மாதத்தை மறக்க முடியாது.

ஜூலை 20 அன்று லைபீரிய அரசு அதிகாரி ஒருவர் அந்நாட்டுத் தலைநகர் மன்ரோவியாவிலிருந்து டோகோவின் லோமே வழியாக வந்து, விமான நிலையத்திலேயே சுருண்டு விழுந்தார். அவருடைய சகோதரி அதே மாதம் எபோலாவில் இறந்திருந்தார். அப்படிப்பட்டவரை, அதுவும் நோய் தெரிகிற நிலையில், மன்ரோவியாவில் ஏற்றி அனுப்பியிருக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

அரசு மருத்துவர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்ததால் அவரைத் தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மலேரியா என்றுதான் முதலில் நினைத்தார்கள். டாக்டர் ஸ்டெல்லா அமெயோ அடடெவோ சந்தேகப்பட்டு எபோலா பரிசோதனைக்கு அனுப்பினார். மாநாட்டுக்குப் போக வேண்டும், வெளியே விடுங்கள் என்று லைபீரியத் தரப்பிலிருந்து அழுத்தம் வந்தது. அவர் விடவில்லை. அந்த மருத்துவரும் ஆகஸ்ட் 19 அன்று அந்த நோயிலேயே இறந்தார். அவர் விட்டிருந்தால் இரண்டு கோடிப் பேர் நெருக்கியடித்து வாழும் ஊரில் என்ன நடந்திருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது.

அதற்குப் பிறகு நைஜீரிய சுகாதாரத் துறை செய்ததைத்தான் நீங்கள் வகுப்பில் விரிவாகச் சொல்ல வேண்டும். போலியோ ஒழிப்புக்காகப் பழகியிருந்த ஆட்களையும் முறைகளையும் அப்படியே இதற்குத் திருப்பினார்கள். நோயாளிகளோடு தொடர்பில் இருந்த 894 பேரைப் பட்டியல் எடுத்து, வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் பார்த்தார்கள். நேரில் போன தடவைகள் மட்டும் சுமார் 18,500. ஒரு ஆள் கண்காணிப்பிலிருந்து நழுவி போர்ட் ஹார்கோர்ட் போய்விட்டார், அங்கே அவருக்குச் சிகிச்சை தந்த மருத்துவர் இறந்தார். ஒருவர் நழுவியதற்கே அந்த விலை. நாடு முழுக்க மொத்தம் 20 பேருக்கு நோய், 8 பேர் மரணம். அக்டோபர் 20 அன்று நைஜீரியாவில் எபோலா இல்லை என்று அறிவித்தார்கள்.

ஊருக்குள் பயம் வேறு மாதிரி வேலை செய்தது. உப்புத் தண்ணீர் குடித்து அதிலேயே குளித்தால் நோய் வராது என்று ஒரு ராத்திரியில் செய்தி பரவியது. விடிவதற்குள் பக்கத்து வீட்டம்மா கதவைத் தட்டி, குழந்தைகளுக்கும் கொடு என்றார். அதைக் குடித்து உயிரை விட்டவர்களும் உண்டு.

இனி உங்கள் கேள்வி. அந்த ஆகஸ்டில் செனகலுக்கு எபோலா போனது சாலை வழியாக, கினியிலிருந்து வந்த ஒரு மாணவர் மூலம். அக்டோபரில் மாலிக்குப் போனது ஒரு சின்னக் குழந்தையோடு, பேருந்தில். விமானத்தில் வந்தவருக்குப் பெயர் இருக்கிறது, இருக்கை எண் இருக்கிறது. மறுநாள் தேடிப் பிடிக்கலாம். காட்டுவழியில் எல்லை தாண்டியவரை எங்கே போய்த் தேடுவது? பிரிட்டிஷ் ஏர்வேஸ் உட்படப் பல நிறுவனங்கள் போக்குவரத்தை நிறுத்தின. பிரஸ்ஸல்ஸ் ஏர்லைன்ஸும் ராயல் ஏர் மரோக்கும் நிறுத்தவில்லை. மருத்துவர்கள் உள்ளே போக அந்த வழியாவது திறந்திருந்தது. அதையும் அடைத்திருந்தால் நோய் அங்கேயே பெருகி, இன்னும் அதிகமாக வெளியே வந்திருக்கும்.

முத்துச்செல்வி:
பாண்டியன் சார் சொன்னதோடு ஒன்று. எபோலா, அறிகுறி தெரிவதற்கு முன் அடுத்தவருக்குத் தொற்றாது. அதனால்தான் இந்தக் கண்காணிப்பு முறை பலித்தது. கொரோனாவில் அறிகுறி வருமுன்பே பரவியது. அங்கே காய்ச்சல் பார்த்து அனுப்புவது பெரிதாக உதவவில்லை. இரண்டுக்கும் ஒரே விடை எழுதிவிடாதீர்கள்.

செந்தாழை:
நன்றி. அப்படியென்றால் காய்ச்சல் பரிசோதனையே வீண்தானா? டல்லஸ்காரர் மன்ரோவியாவில் தேறித்தானே போனார்?

லேகோஸ் பாண்டியன்:
முத்துச்செல்வி சொன்னது சரி, அதை முதலிலேயே சேருங்கள்.

வீண் என்று சொல்ல மாட்டேன். மூன்று நாடுகளிலும் முதல் இரண்டு மாதங்களில் சுமார் 36,000 பயணிகளைச் சோதித்து 77 பேரை ஏற்றாமல் நிறுத்தினார்கள். அவர்களில் யாருக்கும் எபோலா இருந்ததாகத் தெரியவில்லை, பலருக்கு இருந்தது மலேரியா. ஆனால் காய்ச்சலோடு போனால் ஏற்ற மாட்டார்கள் என்று தெரிந்தாலே உடம்பு சரியில்லாதவர் கிளம்ப யோசிப்பார். டல்லஸ் போனவருக்குக் கிளம்பும்போது காய்ச்சல் இல்லை. நோய் உடம்பில் வெளிப்பட 2 முதல் 21 நாள் ஆகும், வாசலில் அது தெரியாது. அங்கே கோட்டைவிட்டது மருத்துவமனையில். காய்ச்சலோடு வந்தவரை, ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர் என்று சொல்லியும், வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவருக்குச் சிகிச்சை தந்த இரண்டு செவிலியருக்கும் தொற்றியது. அதில் ஒருவர் லேசாக உடம்பு சுட்டதும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தைக் கேட்டுவிட்டுத்தான் கிளீவ்லண்டிலிருந்து விமானம் ஏறினார். 99.5 டிகிரிதான், அவர்கள் வைத்திருந்த 100.4 வரம்புக்குள் என்பதால் தடுக்கவில்லை. அப்புறம் மையத்தின் தலைவர் டாம் ஃப்ரீடன் அவர் பயணம் செய்திருக்கக் கூடாது என்றார். முன்கூட்டியே கேட்ட ஒருத்தியை இப்படி ஊர் முன் நிறுத்தினால், அடுத்தவர் கேட்கவே மாட்டார். எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. அந்த விமானத்தில் கூட வந்த யாருக்கும் நோய் வரவில்லை.

அந்த அக்டோபரில் இந்த மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களை அமெரிக்கா ஐந்து விமான நிலையங்களில் சோதித்தது. அவை நியூயார்க் கென்னடி, நெவார்க், டல்லஸ், சிகாகோ, அட்லாண்டா என்று சிலர் குறிப்பெடுப்பார்கள். டல்லஸ் அந்த ஐந்தில் இல்லை, வாஷிங்டன் டல்லஸ் என்று எழுதுகிற டலெஸ் விமான நிலையம்தான் உண்டு. வகுப்பில் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள். அந்த ஐந்திலும் வந்திறங்கியவர்களின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் வாங்கி மாநில சுகாதாரத் துறைகளுக்குக் கொடுத்து, 21 நாள் தினமும் விசாரித்தார்கள். வெப்பமானியைவிட அந்த முகவரிதான் உபயோகம்.