கோபன்ஹேகனின் சறுக்குக் கூரை: கட்டடக்கலையா, கண்காட்சியா?

நிழற்தாழ்வாரம்:
இன்றைய டென்மார்க் கட்டடக்கலையில் ஒன்றை மட்டும் சொல் என்றால் கோபன்ஹில்லைத்தான் சொல்வேன். குப்பையை எரித்து மின்சாரமும் வீடுகளுக்கான வெப்பமும் எடுக்கும் ஆலை அது. 2017 முதல் இயங்குகிறது. நாட்டின் மிக உயர்ந்த இயற்கை மேடே 171 மீட்டரை எட்டாத அந்தத் தட்டை நிலத்தில், கட்டடக் கலைஞர் பியார்க்கே இங்கெல்ஸின் பிக் நிறுவனம் ஆலையின் சரிந்த கூரையையே பனிச்சறுக்குத் தளமாக்கி 2019இல் மக்களுக்குத் திறந்துவிட்டது. எந்த ஊரும் ஒளித்துவைக்க விரும்பும் ஒரு கட்டடத்துக்குக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு போகிறார்கள். 2021இல் உலகக் கட்டடக்கலை விழாவின் ஆண்டுச் சிறந்த கட்டட விருது அதற்குக் கிடைத்ததில் எனக்கு வியப்பில்லை.

செங்கற்சூளை:
கூரையைப் பற்றிச் சொன்னீர்கள். அதன் அடியில் இருப்பதைப் பற்றிச் சொல்லவில்லை. ஆண்டுக்கு நான்கு லட்சம் டன்னுக்கு மேல் எரிக்கக்கூடிய உலைகளுக்குத் தீனி போட, டென்மார்க் வெளிநாட்டிலிருந்தும் குப்பையை வரவழைக்க வேண்டியிருக்கிறது. 2020இல் அந்நாட்டு அரசியல் கட்சிகளே எரிப்புத் திறனைப் பத்தாண்டுகளில் 30 விழுக்காடு குறைக்க உடன்பட்டன. குறிப்பிட்ட அளவு கரியமில வாயு வெளியேறும்போதெல்லாம் புகைபோக்கி ஒரு நீராவி வளையத்தை விடும் என்றார்கள். மக்களுக்கு உண்மையை நினைவூட்டியிருக்கக்கூடிய அந்த ஒரே அம்சம் நிறைவேறவே இல்லை. சறுக்குத்தளம் மட்டும் வந்துவிட்டது.

நிழற்தாழ்வாரம்:
உலையின் அளவை முடிவு செய்தவர் கட்டடக் கலைஞர் அல்லர் என்பதை மறந்துவிட்டீர்கள். ஆலையின் வெப்பம் வீடுகளுக்கு வெந்நீராகக் குழாயில் போகிறது; குழாய் நீள நீள அது வீணாகும் என்பதால், இத்தகைய ஆலை வீடுகளுக்கு அருகில் இருந்தால்தான் பயன். அருகில் இருந்தே தீரவேண்டிய ஒன்றை மக்கள் எப்படி ஏற்றுக்கொள்வார்கள் என்பதுதான் அவர் முன் வைக்கப்பட்ட கேள்வி.

மூன்றாம்மாடி:
நான் உள் அலங்காரத் துறையில் இருப்பவன் என்பதால் ஒரு விளக்கை வைத்தே இதைப் பார்க்கிறேன். டென்மார்க் வடிவமைப்பாளர் பவுல் ஹென்னிங்சன் 1958இல் வடிவமைத்த பிஎச் 5 தொங்குவிளக்கில், எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் பல்பு கண்ணில் படாது. அதன் அடுக்குத் தகடுகள் அழகுக்காக வந்தவை அல்ல, கூசும் ஒளியைத் தடுக்க வந்தவை. இந்த அளவுகோலில் கோபன்ஹில் பாதி தேறும் என்பேன். உள்ளே எந்திரங்களை உயரவரிசையில் அடுக்கியதால்தான் கூரை சரிந்தது. அந்தச் சரிவு வேலையிலிருந்து பிறந்தது. சறுக்குவது பிறகு வந்த யோசனை என்றாலும் பொய்யான யோசனை அல்ல.

செங்கற்சூளை:
உங்கள் அளவுகோலையே எடுத்துக்கொள்கிறேன், மூன்றாம்மாடி. கோபன்ஹில் இருக்கும் அதே அமாகர் தீவில், ஓரஸ்டாட் பகுதியில், லெண்டாகர் கட்டடக்கலை நிறுவனம் 2019இல் முடித்த ரிசோர்ஸ் ரோஸ் குடியிருப்பைப் பாருங்கள். கார்ல்ஸ்பெர்க் பியர் ஆலையின் பழைய சுவர்களில் செங்கல்லைவிடச் சிமெண்டுச் சாந்து கெட்டியாக இருந்ததால் கற்களைத் தனித்தனியே பெயர்க்க முடியவில்லை. ஆகவே சுவரையே சதுரம் சதுரமாக அறுத்தெடுத்து ஒட்டுத்துணி போலப் புதிய முகப்பில் பதித்தார்கள். நிறம் மாறி மாறி வரும் அந்த முகப்பின் அழகு முழுவதும் ஒரு சிக்கலைத் தீர்த்ததனால் வந்தது. விளக்கின் உண்மையான வாரிசு அதுதான்.

நிழற்தாழ்வாரம்:
ரிசோர்ஸ் ரோஸ் எனக்கும் பிடித்தது. முகப்பைப் பொறுத்தவரை உங்களோடு வாதிட மாட்டேன். ஆனால் அங்கே குடியிருப்பவர் அல்லாத ஒருவர் அந்தச் சுவரைத் தெருவில் நின்று பார்க்கத்தான் முடியும். கோபன்ஹில்லின் மேல் காசு கொடுக்காமல் யாரும் நடந்து ஏறலாம்.

செங்கற்சூளை:
ஏறலாம், மறுக்கவில்லை. ஆனால் 2023 முதல் 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களுக்கு, கட்டுமானப் பொருள்களால் வெளியாவதையும் சேர்த்து, சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 12 கிலோ கரியமில வாயு என்று டென்மார்க் உச்சவரம்பு வைத்தது. 2025இல் அதை இன்னும் இறுக்கியது. இனி அங்கே வரைபடம் போடுகிறவருக்குக் கைகொடுக்கப்போவது அறுத்தெடுத்த அந்தச் சுவரா, சறுக்குத்தளமா?