புதுப்பிப்பு: தங்கை கையெழுத்துப் போடாத கிரய ஒப்பந்தம்

முன்பு கேட்டது இதுதான்: உயில் எழுதாமல் இறந்துபோன தங்கள் அப்பாவின் வீட்டை எனக்கு விற்க ஒரு குடும்பத்து அண்ணனும் தம்பியும் என்னிடம் முன்பணம் வாங்கி ஒப்பந்தம் பதிந்து கொடுத்தார்கள். மூன்றில் ஒரு பங்குள்ள அவர்கள் தங்கை கையெழுத்துப் போடவில்லை, விற்கவும் சம்மதமில்லை. வழக்குப் போட்டால் முழு வீடும் கிடைக்குமா?

கிடைக்காது என்றார் வக்கீல். தங்கை பவர் கொடுக்கவில்லை, அதனால் ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது. குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் (Specific Relief Act) 2018 திருத்தத்துக்குப் பிறகு கோர்ட் ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்லியே ஆகவேண்டும் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். சரிதான், ஆனால் அது கையெழுத்துப் போட்டவர்களுக்கு.

அதே சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி அண்ணன் தம்பி பங்கை மட்டும் கேட்கலாம். மீதியைக் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும். அப்படியே வாங்கினாலும் குடியேற முடியாது. குடும்பம் வசிக்கும் வீட்டில் வெளியாள் கூட்டு அனுபவம் (சேர்ந்து குடியிருக்கும் உரிமை) கேட்கச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 44ஆம் பிரிவு விடாது. பாகப்பிரிவினை வழக்குதான் வழி. அதைப் போட்டால், 1893ஆம் ஆண்டு பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4ஆம் பிரிவைக் காட்டி, கோர்ட் மதிப்பிடும் விலைக்குத் தங்கையே என் பங்கை வாங்கிக்கொள்ளலாம்! இத்தனை வருஷம் அலைந்து நான் கடைசியில் வீட்டைவிட்டு வெளியே.

ஒப்பந்தத்தின் கெடு தேதியிலிருந்து வழக்குப் போட மூன்று வருஷம் அவகாசம் இருந்தும் வழக்கு வேண்டாமென்று முடிவு செய்தேன். நோட்டீஸ் போனதும் அண்ணன் இறங்கி வந்தார். பாதி முன்பணம் வந்துவிட்டது. மீதி, ரத்து ஆவணம் பதியும் அன்று டிடியாக.