அரை ஆயுளா, அரையாகு காலமா?

அன்புள்ள ஐயா,

ஒரு கதிரியக்கப் பொருள் சிதைந்து பாதியாகக் குறைய ஆகும் காலத்தை (half-life) 'அரை ஆயுட்காலம்' என்கிறோம். அது பாடநூலில் ஊறிப்போன சொல், அதை ஏன் தொட வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். ஊறியது உண்மைதான். அணுக்கரு, கதிரியக்கம், அணுக்கருப் பிளவு, இணைவு எல்லாமே ஊறியவை. அவற்றில் ஒன்றையும் மாற்றச் சொல்லி நான் வரவில்லை. கதிரியக்கத்தையும் கதிர்வீச்சையும் செய்திகளில் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள், எரிச்சலாக இருக்கிறது. ஆனால் அது எழுதுகிறவர் பிழை. அரை ஆயுட்காலத்திலோ பிழை சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

அயோடின்-131 என்ற கதிரியக்கப் பொருளின் அரை ஆயுட்காலம் 8 நாள். 16 நாள் கழித்து எவ்வளவு மிஞ்சும் என்று, சூத்திரம் படிக்காத ஒரு பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். 'ஒன்றும் மிஞ்சாது' என்றுதான் பெரும்பாலும் விடை வரும். தமிழ் தெரிந்த பிள்ளை வேறு என்ன சொல்லும்? அரை ஆயுள் 8 என்றால் முழு ஆயுள் 16. உண்மையில் மிஞ்சுவது கால் பங்கு. சொல்லை நம்பினவனுக்கு மதிப்பெண் போகிறது, சொல்லை மறந்துவிட்டுச் சூத்திரத்தைப் பிடித்துக்கொண்டவன் தப்பிக்கிறான். அப்படி ஒரு கலைச்சொல் எதற்கு?

மேல்வகுப்புக்குப் போனால் இன்னொரு குழி இருக்கிறது: 'சராசரி ஆயுட்காலம்'. அயோடின்-131க்கு அது சுமார் 11.6 நாள். அரை ஆயுட்காலம் என்பது இதில் பாதி என்று நினைப்பது இயல்பு. பாதி போட்டால் 5.8 வருகிறது, பாடநூலோ 8 என்கிறது. பாதியால் அல்ல, 0.693ஆல் பெருக்க வேண்டும். இத்தனைக்கும் 'சராசரி ஆயுட்காலம்' குற்றமற்ற பெயர். ஒவ்வொரு அணுக்கருவும் எவ்வளவு காலம் மாறாமல் நின்றது என்று கூட்டி, எண்ணிக்கையால் வகுத்தால் வருவது அது. ஆயுள் என்ற சொல் அங்கே இருந்துவிட்டுப் போகட்டும். பக்கத்து வீட்டுக்கும் அதே பெயர்ப்பலகையை மாட்டியதுதான் தவறு.

ஆயுள் என்றாலே நமக்கு மூப்பும் நினைவுக்கு வரும். அணுக்கருவுக்கு மூப்பே கிடையாது. யுரேனியம்-238க்கு அரைப்பங்காகச் சுமார் 447 கோடி ஆண்டு ஆகிறது. பூமியின் வயதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், 454 கோடி. ஆகவே பூமி உண்டானபோது இருந்த யுரேனியம்-238இல் ஏறத்தாழப் பாதி இன்றும் மண்ணிலும் பாறையிலும் கிடக்கிறது. இத்தனை காலம் தாங்கிய ஓர் அணுக்கரு 'இனி அதிக நாள் தாங்காது' என்று சொல்ல முடியுமா? முடியாது. அடுத்த நொடியில் அது சிதைவதற்கான வாய்ப்பு முதல் நாள் இருந்த அளவேதான் இன்றும். ஆயுளில் பாதி கழிந்த மனிதனை யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். (சிதைவு என்ற சொல்லும் எனக்கு முழு நிறைவு தரவில்லை. கார்பன்-14 நைட்ரஜன்-14 ஆவதில் என்ன சிதைந்தது? அதை இன்னொரு நாள் பேசுவோம்.)

ஆங்கில மூலச்சொல்லை விட்டு விலகக் கூடாது என்கிறீர்கள். மூலச்சொல் சரியாக இருந்தால் நானும் விலக மாட்டேன். ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களுக்கு ஐசோடோப்பு என்ற பெயரை 1913இல் வேதியியலாளர் சாடி வெளியிட்டார். அவருக்கு அதை எடுத்துக் கொடுத்தவர் மார்கரெட் டாட் என்ற மருத்துவர். தனிம அட்டவணையில் ஒரே இடம் என்பது கிரேக்கப் பொருள். 'ஓரிடத்தான்' அதை அப்படியே சொல்கிறது, பொருளும் பொருந்துகிறது. இலங்கைப் பாடநூல்களின் 'சமதானி'யும் அதே வழியில் வந்ததுதான். ஆனால் அரை ஆயுள் கதை வேறு. இயற்பியலாளர் ரூதர்ஃபோர்டு 1900இல் தோரியத்திலிருந்து எழும் வாயுவை அளந்தபோது கண்டது, அதன் வீரியம் ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே போவதை. கண்ணுக்குப் பட்டது பாதியாதல். ஆயுள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளைகளும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். அவர்கள் விழுந்த குழியை நாமும் தேடிப் போய் விழ வேண்டாம்.

சரி, என்ன சொல் வைப்பது? 'அரைவாழ்வு' என்றும் எழுதுகிறார்கள். ஆயுளுக்குப் பதில் வாழ்வு, அவ்வளவுதான், நோய் தீரவில்லை. 'பாதிக்காலம்' என்று நம் நண்பர் ஒருவர் சொன்னார். குறுகிய சொல், முதலில் எனக்கும் பிடித்தது. ஆனால் ஒருமுறை வேகமாகப் படித்துப் பாருங்கள்: 'சீசியத்தின் பாதிக்காலம்'. கண் அதைப் 'பாதிக்கலாம்' என்று படிக்கிறது; இல்லையென்றால் சீசியம் நம்மைப் பாதிக்கும் காலம் என்று எடுத்துக்கொள்கிறது. கதிர்வீச்சுப் பாடத்தில் 'பாதி'யை வைப்பது வம்பை விலைக்கு வாங்குவது.

'அரை'யையே வைத்துக்கொள்வோம். எனக்கு அதில் வேறொரு ஆசையும் உண்டு. நம் பழைய பின்னக்கணக்கை நினைத்துப் பாருங்கள்: அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம். ஒன்றில் பாதி மற்றொன்று. அயோடின்-131ஐ இதில் இறக்கினால் 8ஆம் நாள் அரை, 16ஆம் நாள் கால், 24ஆம் நாள் அரைக்கால், 32ஆம் நாள் வீசம், 40ஆம் நாள் அரைவீசம். படி படியாக இறங்கி வருகிறதே தவிர எந்தப் படியிலும் சுழியம் இல்லை. சூத்திரம் எழுதும் முன்பே வளைகோடு பிள்ளையின் மனத்தில் விழுந்துவிடும். இந்த வாய்ப்பாடு நம் தாத்தாக்களுக்கு மனப்பாடம். கதிரியக்கத்துக்கு இவ்வளவு பொருத்தமான எண்பெயர் வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு நாம் அதைப் பரணில் போட்டுவிட்டோம்.

ஆகவே என் முன்மொழிவு: அரையாகு காலம்.

'ஆகு' புதிதல்ல, ஆகுபெயரில் உள்ள அதே ஆகு. அது வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொது. அரையான காலம், அரையாகின்ற காலம், அரையாகும் காலம் மூன்றும் அதற்குள் அடங்கும். நேற்றைக்கு 8 நாள், இன்றைக்கு 8 நாள், நாளைக்கும் 8 நாள். எப்போது அளக்கத் தொடங்கினாலும் மாறாத ஓர் அளவுக்குக் காலம் காட்டாத தொகையே பெயராக அமைவது எனக்கு மெத்தப் பிடித்திருக்கிறது. இலக்கணக்காரர்கள் என்ன சொல்வார்களோ!

நீளமாக இருக்கிறது என்பீர்கள். அரை ஆயுட்காலத்தைவிட நீளமில்லை. கூட்டுச்சொற்களிலும் பொருத்திப் பார்த்தேன். சீசியம்-137இன் அரையாகு காலம் சுமார் 30 ஆண்டு. ஆனால் உடலுக்குள் போன சீசியத்தில் பாதி சில மாதங்களிலேயே வெளியேறிவிடும். இதை 'உயிரியல் அரை ஆயுட்காலம்' என்பது இரட்டைக் கூத்து. வெளியே போன அணுக்கருக்களின் ஆயுள் முடியவில்லையே, இடம்தானே மாறியது! 'உயிரியல் அரையாகு காலம்' என்றால் சிக்கல் இல்லை. உடலில் இருந்த அளவு அரையாகிறது, அவ்வளவே. குருதியில் மருந்து குறைவதற்கும் இதே சொல் போதும்.

நேற்று ஒருவர் 'அரையாகுக் காலம்' என்று எழுதியிருந்தார். வினைத்தொகையில் வல்லினம் மிகாது, ஆகவே அந்த 'க்' வேண்டாம். சேர்த்து 'அரையாகுகாலம்' என்று எழுதலாமா, பிரித்தே எழுதலாமா என்பதில் எனக்கு இன்னும் தடுமாற்றம் உண்டு. தலைப்பில் பிரித்து எழுதியிருக்கிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.