எஸ்டீம் 1.3 பெட்ரோல்: ஊருக்குள் சூடு ஏறுகிறது, மைலேஜ் 9 தான். இன்ஜினைப் பிரிக்கத்தான் வேண்டுமா?

ஈரோட்டுக்காரன்:
வணக்கம். அப்பா 2002-ல் புதிதாக எடுத்த மாருதி எஸ்டீம், எம்.பி.எஃப்.ஐ. (பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து பீய்ச்சும் மாடல்), 1,38,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஆர்.சி.யை இரண்டு முறை புதுப்பித்துவிட்டோம், விற்கும் எண்ணமே இல்லை. பைபாஸில் போகும்போது டெம்பரேச்சர் முள் கால்வாசியைத் தாண்டாமல் கிடக்கிறது. ஆனால் பன்னீர்செல்வம் பார்க் சிக்னலில் ஏ.சி. போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றால் போதும், முள் சிவப்புக் கோட்டுப் பக்கம் போய்விடுகிறது, ஏ.சி.யை அணைத்துவிட்டு ஓரமாக நிறுத்த வேண்டியதாகிறது. முன்பு லிட்டருக்கு 14 கொடுத்த வண்டி இப்போது 9. பார்த்த மெக்கானிக் ‘போர் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்துவிட்டது, இன்ஜினை இறக்கணும், 45 ஆயிரம் ஆகும்’ என்கிறார். அதைக் கேட்டதிலிருந்து அப்பா வண்டியை எடுக்கவே இல்லை. என்ன செய்யலாம்?

பழைய ஜிப்சி:
தம்பி, கொஞ்சம் பொறுங்கள். இன்ஜினில் கை வைக்கும் முன் நாலு விஷயம் சொல்லுங்கள். ரேடியேட்டரில் என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் வால்வு) இருக்கிறதா, இல்லை யாராவது கழற்றிவிட்டார்களா? டிப்ஸ்டிக்கில் ஆயில் எந்த நிறத்தில் இருக்கிறது? கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பார்த்தார்களா?

ஈரோட்டுக்காரன்:
அண்ணா, வீட்டு போர்வெல் தண்ணீர்தான், வாரம் ஒருமுறை குறைந்த அளவுக்கு ஊற்றுவோம். தெர்மோஸ்டாட்டை இரண்டு வருடம் முன்பு ஒரு ஒர்க்‌ஷாப்பில் ‘நம்ம ஊர் வெயிலுக்கு இது வேண்டாம்’ என்று கழற்றிக் கொடுத்துவிட்டார்கள். ஆயில் கறுப்புதான், பால் டீ மாதிரி இல்லை, அதாவது தண்ணீர் கலக்கவில்லை. கம்ப்ரஷன் இன்றைக்கு வேறொரு இடத்தில் எடுத்தேன், நாலு பிளக்கையும் கழற்றி ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துப் பார்த்தார்கள்: 176, 178, 172, 175 பி.எஸ்.ஐ.

பழைய ஜிப்சி:
இந்த நாலு எண்ணும் போதும் தம்பி, உங்கள் போர் தேயவில்லை. தேய்ந்திருந்தாலோ ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் சீல்) போயிருந்தாலோ ஒன்றிரண்டு சிலிண்டராவது கீழே விழுந்திருக்கும். இங்கே நாலும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன.

உங்களுடையது ஜி13பிபி இன்ஜின். உங்கள் இன்ஜினையேதான் மாருதியின் ஜிப்சி கிங் ஜீப்பிலும் போட்டார்கள், என்னிடம் இருப்பது அதுதான், மலையிலும் சேற்றிலும் வருடக்கணக்காக ஓட்டுகிறேன். இத்தனை உழைக்கிற இன்ஜினுக்கு ஒரே எதிரி சூடு. பிளாக், ஹெட் இரண்டுமே அலுமினியம், ஒருமுறை நன்றாகக் கொதித்துவிட்டால் ஹெட் வளைந்துவிடும். அதனால் இனி முள் ஏறினால் ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள்.

நீங்கள் இரண்டு கோளாறாகச் சொல்வது ஒரே இடத்தில் தொடங்குகிறது. தெர்மோஸ்டாட் 80 டிகிரிக்கு மேல் போனபிறகுதான் திறக்கும். அது இல்லாவிட்டால் ஸ்டார்ட் செய்த நொடியிலிருந்து தண்ணீர் ரேடியேட்டருக்கு ஓடும், பைபாஸ் காற்றில் இன்ஜின் சூடே ஏறாது. சென்சாரைப் பார்த்து ஈ.சி.எம். (இன்ஜின் கம்ப்யூட்டர்) ‘இன்ஜின் இன்னும் குளிர்ந்துதான் இருக்கிறது’ என்று கூடுதலாகப் பெட்ரோலை விட்டுக்கொண்டே இருக்கும். உங்கள் 9 அங்கேதான் வருகிறது. ஊருக்குள் ஏறும் சூட்டுக்குக் காரணம் போர்வெல் தண்ணீர். வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதே படிவு ரேடியேட்டர் குழாய்களை அடைத்திருக்கும். வேகத்தில் போகும்போது காற்று காப்பாற்றுகிறது, நின்றால் மாட்டிக்கொள்கிறது.

வண்டி சூடானதும் அணைத்துவிட்டு, ஃபேன் நின்றபிறகு ரேடியேட்டர் முகப்பை மேலிருந்து கீழாகக் கையால் தொட்டுப் பாருங்கள். நடுநடுவே சில்லென்று திட்டுத்திட்டாக இருந்தால் அங்கே அடைப்பு.

ஸ்பேனர் 12:
பழைய ஜிப்சி சொன்னதே சரி, நானும் மெக்கானிக்தான். இரண்டு விஷயம் சேர்த்துச் சொல்கிறேன். ஏ.சி. போட்டதும் முன்னால் இரண்டு ஃபேனும் ஓடுகின்றனவா என்று பாருங்கள், ஓடினால் மட்டும் போதாது, காற்று பலமாக வர வேண்டும். அப்புறம் ரேடியேட்டர் மூடியையும் மாற்றிவிடுங்கள். 0.9 பார் அழுத்தத்துக்கான மூடி ஒழுங்காக அழுத்தம் பிடித்தால் தண்ணீர் 118 டிகிரி வரை கொதிக்காது, ரப்பர் வெடித்த மூடியோடு 100-லேயே கொதித்துவிடும், 200, 300 ரூபாய்ச் சாமான்தான். ஆனால் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள், முகம் வெந்துபோன ஆளை நான் பார்த்திருக்கிறேன்.

ஈரோட்டுக்காரன்:
பதினைந்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். தொட்டுப் பார்த்தேன், கீழ்ப்பக்கம் இடது மூலையில் ஒரு சாண் அகலத்துக்குச் சூடே இல்லை. ரேடியேட்டர் கடையில் கழற்றி ஹோஸ் வாயில் விரலை விட்டுக் காட்டினார்கள், செங்கல் தூளைக் குழைத்த மாதிரி விரல் நுனியில் ஒட்டியது, உள்ளே ஓரமெல்லாம் வெள்ளைப் பொருக்கு. பாதிக் குழாய்க்கு மேல் அடைத்திருந்தது, அதனால் ரேடியேட்டரே புதிதாகப் போட்டுவிட்டேன். தெர்மோஸ்டாட், மூடி, மேல் கீழ் ஹோஸ், கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிப் பாதி, எல்லாம் சேர்த்து 7,800 ஆனது.

முதல் நாள் முள் கொஞ்சம் ஆடியது, பயந்துவிட்டேன். உள்ளே காற்று நின்றிருந்ததாம். ஆறியபின் மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஓடவிட்டதும் குமிழிகள் வந்து அடங்கின. மேல் ஹோஸ் முதலில் சில்லென்று இருந்து பிறகு சட்டென்று சுட்டது, தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்று அர்த்தம். இப்போது முள் பாதிக்குச் சற்றுக் கீழே ஒரே இடத்தில் நிற்கிறது, சிக்னலிலும் சரி, பைபாஸிலும் சரி. மைலேஜ் டேங்க் நிரப்பிப் பார்த்தேன், 13.2. நேற்று அப்பாவே சத்தியமங்கலம் வரை ஓட்டிப் போய்வந்தார்.

பழைய ஜிப்சி:
ரொம்பச் சந்தோஷம் தம்பி. அப்பாவிடம் ஒன்று கேளுங்கள், டைமிங் பெல்ட் (இன்ஜின் வால்வுகளை இயக்கும் ரப்பர் பெல்ட்) கடைசியாக எப்போது மாற்றியது? கிலோமீட்டர் குறைவாக ஓடினாலும் ரப்பருக்கு வயசாகும், வெடிப்பு விடும். மாற்றும்போது வாட்டர் பம்ப்பையும் சேர்த்துப் பாருங்கள், பெல்ட்டைக் கழற்றாமல் அதைத் தொட முடியாது.

ஈரோட்டுக்காரன்:
கேட்டேன் அண்ணா, 2011 என்கிறார். ஞாயிற்றுக்கிழமை கவரைத் திறந்து பெல்ட்டைப் படம் எடுத்துப் போடுகிறேன், அதுவரை வண்டி வெளியூர் போகாது.