ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கல்தச்சன்:
1736 முதல் 1761 வரை எழுதினார், சரி. எழுதியவர் யார்? புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷி (மொழிபெயர்ப்பாளரும் தரகரும்), பெரிய வணிகர், பதவிக்காகக் கிறித்தவப் போட்டியாளர்களோடு மல்லுக்கட்டியவர். ஆளுநரின் மனைவி மதாம் டூப்ளே பேச்சு வந்தாலே கரித்துக் கொட்டுவார். 1748-இல் புதுச்சேரி வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்ததற்கும் அந்த அம்மாள் தலையிலேயே பழி. இதெல்லாம் சான்றா? எனக்குக் கல்வெட்டு போதும்.

அல்லி:
கல்வெட்டு மட்டும் யோக்கியமாக்கும்? கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனைப் புகழும் மெய்க்கீர்த்தியில், சாளுக்கியரோடு நடந்த கொப்பம் போர் சோழருக்கு முழு வெற்றி. பிடித்த யானை, குதிரை எல்லாம் வரும். சோழ மன்னன் ராஜாதிராஜன் மாண்டதும் அதே போரில்தான்.

கல்தச்சன்:
மெய்க்கீர்த்தியை விடுங்க, அது புகழ். அதற்குக் கீழே இருப்பதைப் பாருங்க. அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு, நாளுக்கு உழக்கு நெய். இதில் பொய் எழுதி யாருக்கு லாபம்? நெய் குறைந்தால் கோயிலார் விடுவார்களா?

அல்லி:
அதே சல்லடையில்தான் பிள்ளையையும் சலிக்கச் சொல்கிறேன். எந்தக் கப்பல் எப்போது வந்தது, என்ன சரக்கு என்பதில் தப்பினால் அவர் பணம்தான் போகும். அதோடு, அச்சுக்காக எழுதியதும் இல்லை.

கல்தச்சன்:
அச்சேறாவிட்டால் உண்மையாகிவிடுமா? டூப்ளே தன்னை மெச்சிப் பேசியதாகப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். தனியே நடந்த பேச்சுக்கு யார் சாட்சி?

பழைய ஓலை:
நடுவில் நுழைகிறேன், மன்னிக்கணும். கோயில் விஷயத்தை இரண்டாகப் பிரிக்கலாமே. ஆங்கிலேயர் முற்றுகையின்போது கோயில் இடிபட்டது, அது நிகழ்ச்சி. தூண்டியது யார் என்பது பிள்ளையின் தீர்ப்பு. தலைமைத் துபாஷியாக அப்போது இருந்தவரே அவர்தான். ‘நீர் ஏன் தடுக்கவில்லை?’ என்று ஊர் கேட்கும் இடம் அது. மதாமைக் கைகாட்ட அவருக்கும் காரணம் இருந்தது.

அல்லி:
நியாயம்தான், இந்தக் கோணம் எனக்குத் தோன்றவில்லை. அதற்காக மதாம் நிரபராதி என்றும் ஆகாது. கல்தச்சன் ஐயா, பிரெஞ்சுக் கும்பினி (வணிகக் கம்பெனி) அதிகாரிகளின் கடிதங்களை மட்டும் கேள்வி இல்லாமல் எடுப்பீர்களா? அவர்களுக்கும் பாரீசு முதலாளிகளிடம் நல்ல பெயர் வேண்டியிருந்ததே.

கல்தச்சன்:
எடுக்கமாட்டேன். கப்பல் வரவைப் பிள்ளையிடம் வாங்கிக்கொள்கிறேன், போதுமா? மதாமைப் பற்றி அவர் எழுதியதில் வேறு யாரும் ஒத்துச் சொல்லாத வரி ஒன்றுகூட எனக்கு வேண்டாம்.