ஏர்பேக் விளக்கு அணைய மாட்டேன் என்கிறது, யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. இரண்டு வாரமாக என் காரில் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு விடாமல் எரிகிறது. வண்டி எங்கும் இடிபடவில்லை, தண்ணீரிலும் நிற்கவில்லை.

சர்வீஸ் சென்டரில் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, ஏர்பேக்கை இயக்கும் கன்ட்ரோல் மாட்யூலையே மாற்ற வேண்டும் என்றார்கள். தொகையைக் கேட்டதும் தலை சுற்றியது. என்ன ஃபால்ட் கோட் (எங்கே கோளாறு என்று ஸ்கேனரில் காட்டும் குறியீடு) வந்தது என்று கேட்டேன், மழுப்பிவிட்டார்கள். அங்கேதான் எனக்குச் சந்தேகம்.

இன்னொரு விஷயம். ஸ்டீயரிங்கை இடதுபக்கம் முழுதாக ஒடித்தால் ஹாரன் அடிப்பதில்லை. ஸ்டீயரிங்கில் இருக்கும் ஆடியோ பட்டன்களும் அவ்வப்போது வேலை செய்வதில்லை. அப்படியானால் ஸ்டீயரிங்குக்குள் சுருளாக இருக்கும் கேபிள், அதாவது கிளாக் ஸ்பிரிங்தான் போயிருக்குமோ? ஹாரனுக்கும் ஏர்பேக்குக்கும் மின்சாரம் அதன் வழியாகத்தானே போகிறது. சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் கனெக்டர் தளர்ந்தாலும் இந்த விளக்கு வரும் என்பது தெரியும். ஆனால் அதற்கும் ஹாரனுக்கும் சம்பந்தமில்லையே!

என்னிடம் இருக்கும் சின்ன ஸ்கேனர் இன்ஜின் கோட் மட்டும்தான் படிக்கும். ஏர்பேக் கோடையும் படிக்கும் ஸ்கேனர் யாராவது பயன்படுத்துகிறீர்களா? கிளாக் ஸ்பிரிங் மட்டும் மாற்றியவர்கள் ஒரிஜினல் போட்டீர்களா, வெளி பிராண்டா? எத்தனை நாள் தாங்கியது?

"பல்பைக் கழற்றிவிடு" என்று மட்டும் சொல்லாதீர்கள், மச்சான் ஏற்கெனவே சொல்லிவிட்டார். விளக்கு எரியும்வரை விபத்தில் ஏர்பேக் விரியாமல் போகலாம். பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டி. நானே ஸ்டீயரிங்கைப் பிரிக்கவும் போவதில்லை, உள்ளே இருப்பது வெடிக்கும் பொருள்.