ஸ்கைரிமில் மொட் போட்ட பிறகு ஊதா நிறச் சுவர், கறுத்த முகம், வைட்ரன் வாசலில் க்ரேஷ்: எல்லாவற்றையும் தூக்கிவிடலாமா?

கொட்டகலை நிலா

வணக்கம். நானும் தம்பியும் ஒரே லெப்டொப்பில் ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன் என்ற கற்பனை உலக சாகச கேமை விளையாடுகிறோம். 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1650, அதில் 4 ஜிபி மெமரி. மொட் (ரசிகர்கள் செய்து கேமில் சேர்க்கும் மாற்றங்கள்) எதுவும் இல்லாதபோது ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

தம்பியின் கூட்டாளி ஒருவன் ஹார்ட் டிஸ்கில் பெரிய மொட் போல்டர் ஒன்றைக் கொண்டுவந்தான். எங்கள் ரவுட்டர் டேட்டாவில் அவ்வளவையும் இறக்க முடியாது என்பதால் இருவரும் சேர்ந்து அதை அப்படியே கேமின் டேட்டா போல்டருக்குள் கொப்பி பண்ணியிருக்கிறார்கள். அன்று மழை, நடுவில் கரண்ட் போய்விட்டது. லெப்டொப் பேட்டரி நிற்காது. பிறகு மறுபடி போட்டார்களாம், முழுதாகப் போனதா என்று அவர்களுக்கே தெரியவில்லை.

இப்போது நடப்பது: சில வீட்டுச் சுவர்களும் உடுப்புகளும் பளிச்சென்ற ஊதா நிறத்தில் தெரிகின்றன. சிலருடைய முகம் மட்டும் கழுத்தோடு ஒட்டாமல் கறுத்திருக்கிறது. மெனுவில் சொற்களுக்கு முன்னால் டொலர் குறி வருகிறது. வைட்ரன் நகர வாசலைத் தாண்டினால் கேம் மூடிக்கொள்கிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். தம்பிக்கு ஆரம்பத்தில் வரும் ரிவர்வுட் கிராமத்திலேயே ஒரு பெட்டிக்குள் எவரையும் ஒரே வெட்டில் சாய்க்கும் வாள் கிடைத்துவிட்டது, அதுவும் மொட்தான். டிராகனை அரை நிமிடத்தில் கொன்றுவிட்டு "இந்த கேமில் என்ன இருக்கு?" என்கிறான். எனக்கு இந்த உலகம் அவ்வளவு பிடிக்கும், அவன் அப்படிச் சொன்னதுதான் க்ரேஷை விட வருத்தம். மொட் என்பதே வேண்டாமா? 12 ஜிபியையும் திரும்ப இறக்காமல் கேமைப் பழையபடி ஆக்க வழி இருக்கிறதா?

ஹட்டன் லெப்டொப் வைத்தியர்

தங்கச்சி, முதலில் சேவ் போல்டரை ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள். டொக்கியுமென்ட்ஸுக்குள் மை கேம்ஸ், அதற்குள் ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன், அதற்குள் சேவ்ஸ். அதுவரை எதையும் அழிக்க வேண்டாம்.

நீங்கள் எழுதிய கோளாறுகள் ஒரே காரணத்தால் வந்தவை அல்ல. ஊதா நிறம் என்றால் அந்தப் பொருளின் டெக்ஸ்சர் பைலை, அதாவது மேலே போர்த்தும் படத்தை, கேம் தேடிக் காணவில்லை. கரண்ட் போன கதையோடு இது பொருந்துகிறது. கறுத்த முகம் வேறு: ஒரே ஆளை இரண்டு மொட் மாற்றும்போது, பிளகினில் (மாற்றங்களைக் கேமுக்குச் சொல்லும் பைல்) ஒரு மொட்டின் விவரமும் முகத்துக்கான பைல் மற்ற மொட்டினதுமாக நின்றுவிட்டால் இப்படி வரும். ஒரே கொப்பிப் பக்கத்தில் இரண்டு பேர் ஒருவர் மேல் ஒருவர் எழுதுவதைப் போலத்தான். கடைசியாக எழுதியவருடையது மேலே தெரியும், ஆனால் அடியில் இருப்பது முழுதாக மறையாது.

டொலர் குறி வருவது பெரும்பாலும் எஸ்கேஎஸ்இ ஓடாததால். அது கேமோடு சேர்ந்து ஓடி, மொட்களுக்குக் கூடுதல் வசதி தரும் தனி புரோகிராம். ஸ்கைஊஐ போன்ற மெனு மொட்களுக்கு அது கட்டாயம் வேண்டும். கேமின் பதிப்பு என்ன, போல்டரில் வந்த எஸ்கேஎஸ்இயின் பதிப்பு என்ன என்று பார்த்துச் சொல்லுங்கள். கேமின் எக்ஸிஇ பைலில் ரைட் கிளிக், ப்ரொபர்ட்டீஸ், டீடெய்ல்ஸ்.

கொட்டகலை நிலா

பார்த்தேன் அண்ணா. கேம் 1.6.1170. எஸ்கேஎஸ்இ 2.0.20. அதன் லோடரை அழுத்தினால் ஏதோ பதிப்புப் பிழை என்று வருகிறது, அதனால் தம்பி கேமை வாங்கித் திறக்கும் ஸ்டீம் செயலியில் இருந்தே நேரடியாகத் திறந்துகொண்டிருக்கிறான்.

ஹட்டன் லெப்டொப் வைத்தியர்

அப்படியானால் சரி, பிடிபட்டது. 2.0.20 என்பது 1.5.97 பதிப்புக்கு உரியது. 1.6.1170க்கு 2.2.6 வேண்டும். 2021 நவம்பரில் ஆனிவர்சரி எடிஷனோடு கேமின் உள்கட்டமைப்பு மாறியது, அதற்கு முந்தைய, எஸ்கேஎஸ்இயை நம்பி ஓடும் டிஎல்எல் மொட்களில் பெரும்பாலானவை புதியதில் ஓடாது. உங்களுக்குக் கிடைத்த போல்டர் அந்தப் பழைய பதிப்புக்காக யாரோ சேர்த்தது. தனித்தனியாக இறக்கினால் ஒவ்வொரு மொட்டின் பக்கத்திலும் எந்தப் பதிப்பு, வேறு என்னென்ன தேவை என்று செய்தவர் எழுதியிருப்பார். ஒரே மூட்டையாகக் கை மாறும்போது முதலில் தொலைவது அந்தக் குறிப்புத்தான்.

12 ஜிபியையும் இறக்க வேண்டியதில்லை. டேட்டா போல்டரில் இவற்றை மட்டும் விட்டுவையுங்கள்: ஸ்கைரிம், அப்டேட், டோன்கார்ட், ஹார்த்ஃபயர்ஸ், டிராகன்போர்ன் என்ற ஐந்து இஎஸ்எம் பைல்கள் (கேமின் அடிப்படை விவரங்கள்), ஸ்கைரிம் என்று தொடங்கும் பிஎஸ்ஏ பைல்கள் (படம், ஒலி எல்லாம் கட்டி வைத்த மூட்டைகள்), சிசி என்று தொடங்கும் பைல்கள், வீடியோ போல்டர். மற்ற எல்லாவற்றையும் வெளியே ஒரு போல்டருக்கு மூவ் பண்ணுங்கள். அப்புறம் ஸ்டீமில் வெரிஃபை கொடுங்கள். காணாமல் போனதையும் மாறியதையும் மட்டும் அது இறக்கும்.

வெறும் வெரிஃபை மட்டும் கொடுத்தால் போதாதா என்று பலர் கேட்பார்கள். போதாது. ஸ்டீம் தன்னுடைய பைல்களைத்தான் சரிபார்க்கும், நீங்கள் கூடுதலாகப் போட்டவற்றைத் தொடாது. டேட்டா போல்டரில் தனியாகக் கிடக்கும் டெக்ஸ்சர், பிஎஸ்ஏவுக்குள் இருக்கும் அசலை மீறி முன்னால் வந்து நிற்கும். மை கேம்ஸ் போல்டரில் அமைப்புகளைச் சேமிக்கும் ஐஎன்ஐ பைல்களையும் நகர்த்திவிடுங்கள், கேம் திறக்கும்போது புதிதாக உருவாகும்.

சேவ் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். ஸ்கிரிப்ட் (கேமுக்குள் ஓடும் சிறு கட்டளைத் தொகுப்பு) உள்ள மொட்கள் தங்கள் நிலையை சேவ் பைலுக்குள்ளேயே எழுதி வைக்கின்றன. மொட்டை எடுத்தாலும் அந்த மிச்சம் உள்ளே கிடக்கும். சுத்தம் செய்யக் கருவி உண்டு, ஆனால் நான் நம்பி யாருக்கும் சொல்வதில்லை. மொட் போடுவதற்கு முந்தைய சேவ் இருந்தால் அதிலிருந்து தொடருங்கள்.

ஹப்புத்தளை மூடுபனி

நிலா, கோளாறை அண்ணன் பார்த்துக்கொள்வார். உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன், ஏனென்றால் அதுதான் எனக்கு முக்கியம்.

பனியையும் மூட்டத்தையும் நீக்கித் தூரக்காட்சியைத் தெளிவாக்கும் மொட்கள் இருக்கின்றன. படம் எடுத்துப் போட்டால் அற்புதமாக இருக்கும். அப்படி ஒன்றைப் போட்டு ஹை ரொத்கார் மடம் இருக்கும் மலையில் ஏறி நின்று கீழே பார்த்தேன். வைட்ரன் இதோ காலடியில், அதற்கு அப்பால் அடுத்த ஊர், அதற்கு அப்பால் உலகத்தின் விளிம்பு. அத்தனை பெரிய தேசம் என்று நினைத்துக்கொண்டிருந்தது அவ்வளவுதானா என்று ஆகிவிட்டது. வளைந்து வளைந்து போகும் பாதையும் மூட்டமும் சேர்ந்துதான் அந்தச் சின்ன நிலத்தைப் பெரிதாகக் காட்டிக்கொண்டிருந்தன. நாம் இருக்கும் ஊரில் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. மூட்டம் இறங்கிய நாளில் தோட்டத்தின் அடுத்த டிவிஷன்கூட எங்கோ தூர தேசத்தில் இருப்பதாகத் தோன்றும்.

உங்கள் தம்பியின் வாளும் அந்த வகைதான். ஸ்கைரிமில் முதல் டிராகன் பயமாக இருப்பதற்குக் காரணம் நம் கையில் இருக்கும் சாதாரண இரும்பு வாளும், பையில் எண்ணி வைத்திருக்கும் மருந்தும். அதைப் பறித்துக்கொண்டால் டிராகன் வெறும் பெரிய பல்லி. அழகுக்காகவும் வசதிக்காகவும் வரும் மொட்களில் பல, நமக்குத் தெரியாமலே கேமின் பயத்தையும் தூரத்தையும் எடுத்துவிடுகின்றன.

எதிர்ப்பக்கமும் உண்டு. சர்வைவல் மோட், அதாவது உயிர்பிழைப்பதே சவாலாகும் விளையாட்டு முறை, போட்டுப் பாருங்கள். குளிரும் பசியும் களைப்பும் கணக்கில் வரும், வரைபடத்தில் தொட்டு உடனே போய்ச்சேரும் ஃபாஸ்ட் டிராவல் கிடையாது. பனி நிறைந்த வடக்கில் இருக்கும் வின்டர்ஹோல்ட் போவதென்றால் கம்பளி உடுப்பும் சூடான சூப்பும் தேடிக்கொண்டுதான் புறப்பட வேண்டும். அதைப் போட்ட பிறகுதான் வழியில் இருக்கும் சத்திரங்களின் அருமை எனக்குப் புரிந்தது.

பண்டாரவளை சேர்

மூடுபனி சொல்வதில் பாதிக்கு நான் உடன்படுகிறேன். ஆனால் "முதல் தடவை மொட் இல்லாமல் முடி" என்று பலர் சொல்லும் அறிவுரையை எனக்கு ஏற்க முடியவில்லை. அசல் கேமில் பாதியில் நின்றுபோகும் குவெஸ்ட்கள் (கேம் நமக்குத் தரும் பணிகள்) நிறைய. அவற்றைத் திருத்தியது ரசிகர்கள் செய்த அன்அஃபிஷியல் பெட்ச். அதுவும் ஒரு மொட்தானே. சிலர் அது பிழை திருத்துவதோடு நிற்காமல் விளையாட்டின் சமநிலையையும் மாற்றுகிறது என்று குறைப்படுகிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. இருந்தும் என் கணினியில் முதலில் ஏறுவது அதுதான்.

மொட் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு 2016இல் வந்த எண்டெரலைப் பாருங்கள். ஸ்கைரிமின் எஞ்சினை எடுத்து, வேறு உலகம், வேறு கதை என்று ஜெர்மனியில் ஒரு குழு கட்டியெழுப்பியது. ஃபொர்கோட்டன் சிட்டி 2015இல் ஸ்கைரிம் மொட்டாக வந்து, 2021இல் தனி கேமாகவே வெளியானது. மொட் கேமைக் கெடுக்கும் என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் இந்த உழைப்பெல்லாம் எங்கே போவது?

ஹப்புத்தளை மூடுபனி

சேர், அவை இரண்டும் தாமே ஒரு உலகத்தைச் செய்தவை. நான் பயப்படுவது ஏற்கனவே இருக்கும் உலகத்துக்குள் கை வைப்பவற்றைப் பற்றி. அதிலும் ஒன்றொன்றாகத் தெரிந்து போட்டால் எனக்கு எதிர்ப்பில்லை. யாரோ ஒருவருடைய ரசனையை நூற்றுக்கணக்கில் மொத்தமாக ஏற்றிக்கொண்டால், கேமை மாற்றியது எது என்றே தெரியாமல் போய்விடும். நிலாவின் தம்பிக்கு நடந்ததும் அதுதான்.

ஹட்டன் லெப்டொப் வைத்தியர்

திரும்பப் போடுவதானால் மொட் ஓர்கனைசர் 2 பாவியுங்கள். அது டேட்டா போல்டரைத் தொடாது. ஒவ்வொரு மொட்டையும் தனிப் போல்டரில் வைத்து, கேம் ஓடும்போது மட்டும் சேர்ந்திருப்பதாகக் காட்டும். வேண்டாத மொட்டின் டிக்கை எடுத்தால் போதும், கேமின் சொந்தப் பைல்களுக்கு ஒன்றும் ஆகாது. கேமையும் எஸ்கேஎஸ்இயையும் அதற்குள் இருந்தே திறக்க வேண்டும். பிளகின்கள் ஏறும் வரிசையைச் சரிசெய்ய லூட் என்ற கருவி. 4 ஜிபி கார்டுக்கு 4கே டெக்ஸ்சர் வேண்டாம், 1கே தாராளம், சில இடத்துக்கு 2கே. ஒரு மொட் போட்டதும் வைட்ரன் வாசலுக்குள் போய் வந்து பாருங்கள், பிறகு அடுத்தது. விளையாட்டின் நடுவில் ஸ்கிரிப்ட் மொட் எதையும் கழற்றாதீர்கள்.

கொட்டகலை நிலா

எல்லோருக்கும் நன்றி. அண்ணா சொன்னபடி நகர்த்திவிட்டு வெரிஃபை கொடுத்தேன், கொஞ்சம்தான் இறங்கியது. ஊதாவும் இல்லை, கறுத்த முகமும் இல்லை, வைட்ரனுக்குள் போய் வர முடிகிறது. என்னுடைய பழைய சேவ் நன்றாகத் திறக்கிறது. தம்பியுடையது எல்லாம் மொட் போட்ட பிறகு தொடங்கியவை, அவன் புதிதாக ஆரம்பித்திருக்கிறான். இப்போதைக்கு எஸ்கேஎஸ்இ 2.2.6, ஸ்கைஊஐ, அன்அஃபிஷியல் பெட்ச் மட்டும். சர்வைவல் மோடை அவனே கேட்டு ஓன் பண்ணிக்கொண்டான். ஒரு ஓநாய்க் கூட்டத்திடம் செத்துவிட்டு இப்போது என்னிடம் வழி கேட்கிறான்.

ஒரே ஒரு சந்தேகம்: எனக்கு அந்தப் போல்டரில் இருந்த ஒரு மரங்கள் மொட் மட்டும் மிகவும் பிடித்திருந்தது. என் பழைய சேவின் நடுவில் அதைப் போடலாமா?

ஹட்டன் லெப்டொப் வைத்தியர்

உருவமும் டெக்ஸ்சரும் மட்டும் என்றால் தாராளமாகப் போடலாம், எடுக்கவும் செய்யலாம். பிளகினோடு வந்து புதிய மரங்களை நடுவதென்றால் முதலில் ஒரு தனி சேவில் போட்டுப் பாருங்கள். அந்தப் பழைய போல்டரில் இருந்து எடுக்காமல், மொட் செய்தவரின் பக்கத்தில் இருந்தே 1.6.1170க்கு ஏற்றதாக இறக்குங்கள்.